கால் கனக்குதா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்

சாயங்காலமானால் கால் கனக்கிறது. கரண்டையில் கொலுசுத் தடம் பதிகிறது. ராத்திரி கெண்டைக்காலில் குரக்குவலி இழுக்கிறது. நெல்லைச் சீமையில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் இருக்கும்: நல்லெண்ணெய் தேய், நொச்சித்தழை போட்டு வெந்நீர் ஊற்று, உப்பு ஒற்றடம் கொடு, குற்றாலத்துக்கு ஒரு எட்டு போய் அருவியில் நில். எல்லாவற்றிலும் சுகம் உண்டு. ஆனால் ஒருவர் காலுக்கு இதமாக இருப்பது இன்னொருவர் காலைப் புண்ணாக்கிவிடும். அதனால் எது செய்வதற்கு முன்னாலும் இது என்ன வகைக் கால் என்று பார்த்துவிட வேண்டும். பத்து நிமிஷ வேலைதான்.

மூன்று வகைக் கால்

முன்கால் எலும்பின் மேல் பெருவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் அது நீர்வீக்கம். காலையில் வடிந்திருந்து பொழுது சாயச் சாய ஏறுகிறது, தோலுக்கடியில் நீலமாக நரம்பு சுருட்டியிருக்கிறது, உள்கரண்டைப் பக்கம் தோல் கறுத்து அரிக்கிறது என்றால், ரத்தம் காலுக்கு நன்றாகவே வந்து சேர்கிறது, திரும்பி மேலே ஏறத்தான் மாட்டேன் என்கிறது. இதை ‘வடியாத கால்’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காலும் வீங்கி, கூடவே காலையில் முகமும் உப்பியிருந்தாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ கால் வைத்தியம் பார்த்துப் புண்ணியமில்லை. இருதயமும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கும் இரண்டு கரண்டையும் வீங்குவதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘ரத்தம் போய்ச் சேராத கால்’. நெல்லை ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது பாதியில் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். பாதம் சில்லென்று இருக்கும், விரல் மேல் முடி உதிர்ந்து தோல் மினுமினுக்கும், சின்னக் காயம்கூட ஆறாது. உள்கரண்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்து நாடி துடிக்கிறதா பாருங்கள். பாதத்தின் மேல்பக்க நாடி நல்ல ஆரோக்கியம் உள்ள சிலருக்கும் தட்டுப்படாது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. சந்தேகம் இருந்தால், ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் அறியும் டாப்ளர் கருவி உள்ள ஆஸ்பத்திரியில் கரண்டைப் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, சர்க்கரையால் ‘உணர்வு போன கால்’. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடச் சொல்லுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு தொடுதல். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது. அந்தக் காலுக்கு வெந்நீர், ஒற்றடம், ஹீட்டிங் பேடு எதுவுமே கூடாது. சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாக வலிக்கிறது, அதுவும் ஆபரேஷன், பிரசவம், நீண்ட பஸ் பிரயாணம், படுக்கையில் கிடந்தது இவற்றுக்குப் பிறகு என்றால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவவும் கூடாது, பிடித்துவிடவும் கூடாது. உறைகட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கெண்டைக்காலை வேலை வாங்குவது

காலில் இருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான். அது சுருங்கும்போது உள்ளே இருக்கும் சிரை நசுங்கி ரத்தம் மேலே போகும். சிரைக்குள் இருக்கும் வால்வு அதைத் திரும்பக் கீழே இறங்க விடாது. அசையாமல் நிற்கும்போது கரண்டைச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். எந்தத் தைலமும் இந்த அளவுக்கு இறக்குவதில்லை.

அல்வாக் கடையில் கிண்டுகிறவர், ஜவுளிக்கடைக் கவுண்டரில் நிற்கிறவர், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் தட்டை வைத்துச் சம்மணம் போட்டுப் பீடி சுற்றுகிற பெண்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் எல்லோருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: கெண்டைக்கால் மணிக்கணக்கில் சும்மா கிடக்கிறது. சம்மணத்தில் முழங்காலும் இடுப்பும் மடங்கி, ரத்தம் மேலே ஏறும் வழியையும் நெருக்குகிறது.

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கடிகாரம் வேண்டாம், எண்ணிக்கையே போதும். கை பழகியவருக்கு ஐம்பது பீடி ஏறக்குறைய அரை மணி நேரம். ஐம்பது ஆனதும் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் காலை நீட்டி, பாதத்தை முன்னால் அழுத்தி, பின்னால் இழுத்து, இப்படி இருபது தடவை. நூறு ஆனதும் எழுந்து, வீட்டுத் தாழ்வாரமான தார்சாவில் இரண்டு நடை. உட்காரும்போது முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு காலையாவது நீட்டி, தட்டுக்கு அடியில் தலையணை வையுங்கள். நீட்டும் காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். புகையிலைத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். அதில் இருக்கும் நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். சாப்பிடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் கையை அலசினால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் குதிங்கால் தூக்கல். கவுண்டரையோ நிலையையோ பிடித்துக்கொண்டு இரண்டு விநாடியில் நுனிக்காலுக்கு ஏறி, ஒரு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்க வேண்டும். பதினைந்து தடவை, மணிக்கு ஒரு முறை. பலரும் இறங்கும்போது பொத்தென்று விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தசைக்கு வேலை பாதிதான், குதிங்காலுக்கு அடி முழுசு.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பதினைந்து இருபது நிமிஷம் படுங்கள். ஸ்டூலில் கால் வைத்துக்கொண்டு சேரில் உட்காருவது இதற்குச் சமமாகாது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்துப் பத்துப் பதினைந்து செ.மீ. உயர்த்திவிட்டால் ராத்திரி முழுக்க வடியும். மூச்சு வாங்கும் இருதய நோயாளிக்கும், ரத்தம் போய்ச் சேராத காலுக்கும் இது ஆகாது. அந்தக் காலைத் தூக்கினால் வலி கூடும், தொங்கவிட்டால் குறையும். அதுவே ஒரு அடையாளம்.

நரம்பு சுருட்டு உள்ளவர்களுக்கு மெடிக்கலில் கிடைக்கும் இறுக்கச் சாக்ஸ் நல்லது. அளவை சாயங்காலம் எடுத்தால் தப்பாகப் போகும். காலையில் எழுந்ததும் கரண்டையின் மெலிந்த இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளந்துகொண்டு போங்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் போட்டு, ராத்திரி படுக்கும்போது கழற்ற வேண்டும். முழங்காலுக்குக் கீழ் மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் கயிறு கட்டியது போல இறுக்கி, கீழே இன்னும் வீங்கும். ஆறு மாசத்தில் இழுவை தளர்ந்துவிடும், மாற்றிவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு விரல் திறந்த, முழங்கால் வரை வரும் சாக்ஸ்தான் தாங்கும். இரண்டாம் வகைக் காலுக்கு இது ஆபத்து. வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடும்.

எண்ணெய்க் குளியல்

எண்ணெய் தோலுக்குள் இறங்கி ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் என்பது நடக்காத காரியம். தோல் வறட்சி போகும், தசை இளகும், தூக்கம் வரும், கை மேல்நோக்கி நீவுவதால் காலில் தேங்கியது கொஞ்சம் வடியும். வாரம் ஒருமுறை செய்ய இவ்வளவு காரணம் போதாதா?

பெரியவர் ஒருவருக்குச் செக்கு நல்லெண்ணெய் 60 மில்லி தாராளம். வெறும் எண்ணெய் என்றால் கிண்ணத்தோடு வெந்நீர் ஏனத்துக்குள் ஐந்து நிமிஷம் வைத்தால் போதும். மிளகும் பூண்டும் போடுவதென்றால் நாலு மிளகு, தட்டிய இரண்டு பல் பூண்டு, சிறு தீ. பூண்டு பொன்னிறமானதும் இறக்கி வடித்துவிடுங்கள், கருகவிட்டால் எரிச்சல்தான் மிச்சம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே உடம்பில் வைக்க வேண்டும்.

உச்சியில் வைத்துத் தொடங்குவது நம் வழக்கம், அப்படியே செய்யலாம். காலுக்கு வரும்போதுதான் கவனம். முதலில் உள்ளங்காலைப் பெருவிரலால் குதியிலிருந்து விரல் வரைக்கும் அழுத்தித் தேயுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் கரண்டையைச் சுற்றிப் பிடித்து, முழங்கால் வரை மேல்நோக்கி ஒரே நீவல். கையைத் திரும்பக் கீழே கொண்டுவரும்போது அழுத்தம் கூடாது. பத்துப் பன்னிரண்டு நீவல் போதும். முழங்காலில் வட்டமாக, தொடையில் மறுபடி மேல்நோக்கி. மேலிருந்து கீழே அழுத்தி இழுத்தால் வால்வு மூடியிருக்கும் திசையில் ரத்தத்தைத் தள்ளுகிறீர்கள். வலிக்கிற அளவுக்கு அழுத்தினால்தான் பலன் என்ற நினைப்பும் வேண்டாம், தோலடிச் சிரைக்கு லேசான கையே போதும். நரம்பு சுருட்டிய இடத்தில் தடவலாம், பிசையக்கூடாது.

இருபதிலிருந்து முப்பது நிமிஷம் ஊறினால் சரி. குளிக்கும் வெந்நீரை முழங்கையால் பாருங்கள், விரல் பழகிப்போய்ப் பொய் சொல்லும். சீயக்காய் மூன்று கரண்டியைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்தால் எண்ணெய் நன்றாகப் போகும், தலையும் காயாது. விரலிடுக்கில் எண்ணெயோ ஈரமோ தங்கவிட்டால் சேற்றுப்புண் வரும். சர்க்கரை உள்ளவர்கள் அங்கே எண்ணெயே வைக்காமல் இருப்பது உத்தமம்.

எண்ணெய்க் குளியலில் பெரிய ஆபத்து வழுக்கி விழுவதுதான். வயசானவர்களுக்கு இடுப்பு எலும்பு போனால் படுக்கைதான், படுக்கையில் கிடந்தால் ரத்தம் உறையும். முக்காலியில் உட்கார வைத்து, முதலில் உள்ளங்காலுக்குச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்ட பிறகே எழுந்திருக்க விடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெந்நீர் ஊற்றியதும் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். சூட்டில் குழாய்கள் விரிந்து ரத்தம் கீழே இறங்கிவிடுவதால் அப்படி ஆகிறது. காய்ச்சல், சளி இருக்கும்போது குளியலைத் தள்ளிப்போடலாம்.

ஒற்றடம், குரக்குவலி

ஒற்றடம் தசைப் பிடிப்புக்கு, குறுக்கு வலிக்கு, முழங்கால் வலிக்கு. வீக்கத்துக்கு அல்ல. சூடு குழாயை விரிப்பதால் வடியாத காலில் இன்னும் தேங்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் வீடுகளில் அதிகம் தப்பு நடக்கிறது.

கல் உப்பு இரண்டு கைப்பிடி, இரும்புச் சட்டியில் படபடவென்று வெடிக்கும் வரை நாலைந்து நிமிஷம் வறுத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கொடுக்கிறவர் தன் முன்கையின் உள்பக்கம் ஐந்து விநாடி வைத்துத் தாங்க முடிகிறதா பார்க்க வேண்டும். ஒற்றி எடுத்து, ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம். ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கொப்புளம் வருகிறது. உப்புச் சூடு கடுமை என்பவர்களுக்குத் தவிடு இதமானது. ஆற்றங்கரையில் நொச்சி கிடைத்தால் ஒரு கைப்பிடி இலையை ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டலாம், வாதநாராயணன் இலையும் அப்படியே. புண், சிவந்து சூடான வீக்கம், தொடுதல் சோதனையில் தோற்ற கால், இந்த இடங்களில் எதையும் கட்ட வேண்டாம்.

ராத்திரி குரக்குவலி இழுத்தால் பிசையாமல், காலை நேராக நீட்டி, பாதத்தில் துண்டைக் கொடுத்து விரல்களை உங்களை நோக்கி அரை நிமிஷம் இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும். தினமும் வருகிறவர்கள் படுக்கப்போகும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிங்கால் தரையிலிருந்து எழாமல் முன்னால் சாய வேண்டும். அரை நிமிஷம், காலுக்கு மூன்று முறை.

சாயங்காலக் கனத்துக்கு இரண்டு வாளி முறை பலன் தரும். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், 38-லிருந்து 40 டிகிரிக்குள். இன்னொன்றில் பானைத் தண்ணீர். வெதுவெதுப்பில் மூன்று நிமிஷம், குளிர்ச்சியில் ஒரு நிமிஷம் என்று நாலு சுற்று, முடிவது குளிர்ச்சியில். இதுவும் முதல் வகைக் காலுக்கு மட்டும்.

அருவி, வர்மம், தொக்கணம்

ஜூன் தொடங்கிச் சாரல் காலத்தில் குற்றாலத்தில் நிற்பது தோள் தசைக்கு இதமான அடி. தப்பு எங்கே என்றால், பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தண்ணீருக்குள் தலையைக் கொடுப்பது. சில்லென்ற தண்ணீர் திடீரென்று பட்டால் தோல் குழாய்கள் சுருங்கி, பிரஷர் ஏறி, மூச்சு இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் கால், கை, முகம் என்று இரண்டு நிமிஷம் நனைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி தோளையும் முதுகையும் மட்டும் கொடுங்கள். மூன்று நிமிஷம் போதும், வெளியே வந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு திரும்பப் போகலாம். தலையை நேராகக் காட்ட வேண்டாம், தண்ணீரோடு சின்னக் கல்லும் வரும். வயிறு நிறையப் புரோட்டா சாப்பிட்டுவிட்டோ, குடித்துவிட்டோ போகக்கூடாது. இருதய நோயும் அடங்காத பிரஷரும் உள்ளவர்கள் சாரலில் நனைந்துவிட்டு வருவதே போதும். வயசானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் புலியருவி பக்குவம்.

உடம்பில் உயிர்நிலை தங்கும் இடங்களான வர்மப் புள்ளிகள் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது சித்த மருத்துவக் கணக்கு. தொக்கணத்தில், அதாவது சித்த முறையில் உடம்பு பிடித்துவிடுவதில், தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது வகை. சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரிடம் போங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியோடு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. சந்தையில் உட்கார்ந்து கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறவர்களிடம் தலையைக் கொடுக்காதீர்கள், மூளைக்குப் போகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டை விடுதல், அழுத்தித் தேய்த்தல் இரண்டையும் தவிர்க்க வேண்டும். முள்முள்ளான அக்குபிரஷர் செருப்பு உணர்வு போன காலுக்குக் கூடாது.

நடை

ரத்தம் போய்ச் சேராத காலுக்கு நடைதான் மருந்து. வலி வந்ததும் உட்கார்ந்துவிடாமல், ஓரளவு கடுமையாகும் வரை நடந்து, நின்று, வலி முழுசாகப் போனதும் மறுபடி நடக்க வேண்டும். நிற்கும் நேரத்தையும் சேர்த்து அரை மணியிலிருந்து முக்கால் மணி, வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். தூரம் கூடிக்கொண்டே வருவதை வ.உ.சி. மைதானத்தில் சுற்றுக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ நடை போதாது, உடனே டாக்டர். பீடி, சிகரெட் பிடித்துக்கொண்டே நடந்தால் வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்குவதாகும். வாலிப வயதிலேயே பீடிக்காரர்களுக்கு விரல் அழுகும் பர்கர் நோய்க்குப் புகையை அடியோடு விடுவதைத் தவிர நிற்கும் வழி கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைப்பதும் உதவாது.

சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டியது உப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாவற்றையும் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. கருப்பட்டியும் சர்க்கரைதான், உளுந்தங்களியில் போட்டாலும் சர்க்கரையை ஏற்றும்.

உணர்வு போன காலுக்குக் கோயில் பிரகாரமும் தேரோட்டமும்தான் பெரிய சோதனை. நெல்லையப்பர் கோயில் கல்தளம் உச்சிவெயிலில் எப்படிக் காயும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனித் தேரில் தார் ரோடு அதற்கு மேல். விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போங்கள், பகலில்தான் போகவேண்டும் என்றால் தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒரு மாசம் முன்னதாகவே நடந்து பழகிக்கொள்ளுங்கள். வழியில் மணிக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் காலை உயர்த்திப் படுங்கள். விரலிடுக்கில் வாசலின் தடவினால் உராய்வு குறையும். தங்குகிற இடமெல்லாம் வாய்க்காலில் காலை ஊறப்போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஊறிய தோல் அடுத்த இரண்டு மைலில் கொப்புளித்துவிடும். நனைந்தால் துடைத்து, காயவிட்டுப் பிறகு நடங்கள். எழுந்த கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள். தொடுதல் சோதனையில் இரண்டு விரல் தெரியாமல் போனவர்கள் வெறுங்காலோடு இந்த யாத்திரை போகக்கூடாது, பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வரலாம்.